சினிமாப் பாட்டுக்கு வெளியே, யாரும் பேசாத இசையை எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறீர்கள்? கேட்டதைப் பற்றி எப்படி விமர்சனம் எழுதுகிறீர்கள்?

என் தேடல் ஒரு செல்போன் கடையில் ஆரம்பித்தது. 2010 வாக்கில் பெரம்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. ரீசார்ஜ் போடுவார்கள், சிம் விற்பார்கள், மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பார்கள். ஒரு ஜிபிக்கு 20 ரூபாய். என் நோக்கியா எக்ஸ்பிரஸ் மியூசிக்கை நீட்டி, "புதுப் பாட்டா போடுங்கண்ணே" என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே 'டிராக் 07' என்று ஒரு ஃபைல். கானா. செத்துப்போன நண்பனை நினைத்து ஒருவர் பாடுகிறார். பாடியவர் பெயர் இல்லை, படம் இல்லை, வருஷம் இல்லை. மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டேன். "எவனோ கார்டு குடுத்திருப்பான் தம்பி, அதுலேர்ந்து காப்பி ஆயிருக்கும்" என்றார்.

எனக்குத் தெரிந்த வித்தை இவ்வளவுதான்: ஒரு பாட்டு நம்மிடம் எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று பார்த்து, அந்த வழியிலேயே திரும்பி நடப்பது. அந்தக் கடைக்காரரிடம் "அந்தக் கார்டுல இருந்த மத்ததையும் போட்டுக் குடுங்க" என்று கேட்டதில் பதினோரு கானா கிடைத்தது. எந்த வானொலியிலும் வராதவை.

இதே வேலையைச் சகாரா பாலைவனத்தில் ஒருவர் செய்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கிறிஸ்டோபர் கிர்க்லி என்ற அமெரிக்கர் மாலி நாட்டின் கிடால் நகரில் தங்கியிருந்தபோது, அங்கே எல்லாரும் பாட்டைப் போனில் வைத்துக்கொண்டு புளூடூத்தில் கைமாற்றிக்கொள்வதைப் பார்த்தார். பழைய மெமரி கார்டுகளை வாங்கிச் சேர்த்து, அதிலிருந்த பாட்டுகளைத் தொகுத்தார். 'மியூசிக் ஃப்ரம் சகாரன் செல்போன்ஸ்' என்ற பெயரில் முதலில் கேசட்டாகவும், 2011இல் வினைல் ரெக்கார்டாகவும் அது வந்தது. அவருடைய சகேல் சவுண்ட்ஸ் லேபிள் இப்படித்தான் வளர்ந்தது. அந்தத் தொகுப்பில் ஒரு பாட்டில் சகாராவின் துவாரெக் மக்களுடைய கிட்டார் ஒரு பக்கம், ஆட்டோட்யூன் என்ற சுருதி திருத்தும் மென்பொருள் போட்ட குரல் ஒரு பக்கம், மலிவான டிரம் மிஷின் ஒரு பக்கம். பாடியவரைக் கிர்க்லி தேடிப் போய் நைஜர் நாட்டில் கண்டுபிடித்தார். இடது கையால் கிட்டார் வாசிக்கிற ம்டூ மொக்தார் என்ற இளைஞர். 2021இல் அவருடைய 'அஃப்ரீக் விக்டீம்' ஆல்பம் மடாடோர் என்ற பெரிய லேபிளில் வந்தது. புளூடூத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு ஃபைல் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. பெரம்பூரில் எனக்குக் கிடைத்த பதினோரு பாட்டையும் இப்படி யாரும் தேடிப் போகவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னமும் உண்டு.

இப்போது மெமரி கார்டு இல்லை, ஆனால் வழி அதேதான். இசைக்கலைஞர்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஒரு ஆல்பம் பிடித்துவிட்டால் அதன் கீழே வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒருவரைத் தொட்டால் அவர் வாங்கி வைத்திருப்பது முழுக்கத் தெரியும். காசு கொடுத்து வாங்கியவரின் ரசனையை நான் எந்தத் தானியங்கிப் பரிந்துரையையும் விட நம்புவேன். ஜப்பானிய இரைச்சல் இசை ஆல்பத்தை வாங்கிய ஒருவர் கொலம்பியாவின் கும்பியா என்ற நடன இசை ரெக்கார்டும் வாங்கியிருப்பார். எந்த இயந்திரமும் இந்த இரண்டையும் ஒரு தட்டில் வைக்காது. அங்கே ஊர்ப் பெயரைப் போட்டும் தேடலாம். ஜகார்த்தா என்று போடுங்கள், போகோட்டா என்று போடுங்கள். வகையின் பெயரை விட ஊரின் பெயர் எனக்கு அதிகம் கொடுத்திருக்கிறது.

பழைய ரெக்கார்டு என்றால் டிஸ்காக்ஸ் என்ற இணையதளம். உறையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் அங்கே ஏற்றி வைத்திருக்கிறார்கள். யார் பாடினார் என்பதோடு நிறுத்தாமல், யார் ஒலிப்பதிவு செய்தார், யார் பேஸ் கிட்டார் வாசித்தார் என்று பாருங்கள்.

அந்தப் பொடி எழுத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சரண்ஜித் சிங்கை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பம்பாய் சினிமா இசைக்கூடங்களில் ஆர்.டி. பர்மன் போன்றவர்களுக்குக் கிட்டாரும் கீபோர்டும் வாசித்தவர். 1982இல் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று ஒரு ரெக்கார்டு போட்டார். தபலா கிடையாது, தம்புரா கிடையாது. ரோலண்ட் கம்பெனியின் மூன்று மின்னணுக் கருவிகள்: டிஆர்-808 தாளத்துக்கு, டிபி-303 பேஸுக்கு, ஜூபிட்டர்-8 ராகத்துக்கு. ரெக்கார்டு விற்கவில்லை. எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

அந்த டிபி-303 சின்ன வெள்ளிப் பெட்டி. தனியாகப் பயிற்சி செய்கிறவருக்குப் பேஸ் வாசித்துக் கொடுக்க வேண்டும் என்று செய்தது. கேட்டால் பேஸ் கிட்டார் மாதிரியே இருக்காது. 1984இலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழையது மலிவாகக் கிடைத்தபோது சிகாகோ பையன்கள் அதன் குமிழ்களைத் திருகி விளையாடினார்கள். ஃபியூச்சர் என்ற குழு 1987இல் வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்' அப்படி வந்ததுதான். ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை வகைக்கே பெயர் வந்தது அதிலிருந்து என்பார்கள். அதற்கு ஐந்து வருஷம் முன்னால், அதே பெட்டியில், பம்பாயில் ஒருவர் பைரவ் ராகம் வாசித்திருக்கிறார். எடோ போமன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் பழைய ரெக்கார்டு தேடும்போது அதைக் கண்டெடுத்தார். 2010இல் மறுபதிப்பு வந்தபோது, இது 1982இல் செய்ததாக இருக்கவே முடியாது, யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. நல்லவேளை, சரண்ஜித் சிங் அப்போது உயிரோடு இருந்தார். வெளிநாட்டு மேடைகளில் அதை வாசித்தும் காட்டினார். 2015இல் காலமானார்.

இந்த ரெக்கார்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்கள் எல்லாரும் 'ஆசிட் ஹவுஸுக்கு முன்னோடி' என்பதையே பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அது பாதி விமர்சனமாகத்தான் படுகிறது. நம் காதுக்கு அதில் வேறொன்று கேட்கும். 303இல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிக்கொண்டு போக ஒரு வசதி உண்டு. கர்நாடக இசையில் இப்படி வழுக்குவதை ஜாரு என்போம்; அதற்குக் கிட்டத்தட்ட அந்தப் பெட்டி தரும் பதில் அது. அவர் பூபாலி வாசிக்கும்போது மோகனம் கேட்டு வளர்ந்தவருக்கு அது சட்டென்று பிடிபடும். மால்கவுன்ஸ் நம் ஹிந்தோளம், யமன் நம் கல்யாணி. மனிதர் சிகாகோவை எதிர்பார்த்து எதுவும் செய்யவில்லை. ராகத்தை மிஷினில் ஏற்ற முடியுமா என்று பார்த்திருக்கிறார். ஏறியிருக்கிறதா? பைரவில் அருமையாக ஏறியிருக்கிறது. எல்லாப் பாட்டிலும் வேகம் ஏறத்தாழ ஒன்றே என்பதால், பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் களைப்பு வரும். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது விமர்சனம் என்பது என் கட்சி.

விமர்சனத்தில் நான் செய்த பெரிய தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். சென்னைப் பையன்கள் நான்கு பேர் சேர்ந்து போட்ட ஒரு மெட்டல் டெமோ (முன்னோட்டப் பதிவு) பற்றி, "டிரம்ஸ் தகர டப்பாவைத் தட்டுவது போல இருக்கிறது, பதிவு மோசம்" என்று எழுதிவிட்டேன். அந்தக் குழுவின் டிரம்மர் எனக்கு எழுதினார். கோபமே இல்லை. "அண்ணா, சுவத்துல போர்வை மாட்டி ஒரே மைக்ல எடுத்தோம். ஆனா சவுண்டு அப்படி இருக்கணும்னுதான் எடுத்தோம். டார்க்த்ரோன் கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. கேட்டேன். நார்வேக்காரர்கள். அவர்களுடைய முதல் ஆல்பம் 1991இல் வந்தது. ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் பதிவு செய்தது, துல்லியமான ஒலி. அடுத்த வருஷமே 'எ பிளேஸ் இன் தி நார்தர்ன் ஸ்கை' வந்தது. கரகரவென்று, பனிக்காற்று ஊளையிடுவது மாதிரி. நல்ல ஒலி எப்படி இருக்கும் என்று தெரிந்தே அதை விட்டு விலகியிருக்கிறார்கள். இன்று நார்வேயின் தேசிய நூலகமே அந்த ஆல்பத்தைக் காட்சிக்கு வைத்திருக்கிறது. நான் டெமோவைத் திரும்பக் கேட்டேன். டிரம்ஸ் எனக்கு இப்போதும் கொஞ்சம் மெலிந்துதான் தெரிந்தது, ஆனால் கிட்டாரின் இரைச்சல் அந்த மெலிவுக்கு மேலேதான் படர்ந்து நிற்கிறது என்பதும் தெரிந்தது. எழுதியதை அழிக்காமல், கீழே புதிதாக எழுதிச் சேர்த்தேன்.

அதற்குப் பிறகு எதைப் பற்றி எழுதினாலும் முதலில் மூன்று தடவை கேட்டுவிடுகிறேன். முதல் தடவை எதையும் படிக்காமல் ஹெட்போனில். இரண்டாவது, வீட்டு ஸ்பீக்கரில், வேலை செய்துகொண்டே. மூன்றாவது, யார், எங்கே, எந்தக் கருவியில் செய்தார்கள் என்று படித்த பிறகு. இரண்டாவதைத் தவற விடாதீர்கள். 2017இல் வந்த 'சவுண்ட்ஸ் ஆஃப் சிஸ்ஸோ' என்ற தொகுப்பை நான் புரிந்துகொண்டது அப்படித்தான். தான்சானியாவின் டார் எஸ் சலாமில் பிறந்த சிங்கேலி என்ற இசை அது. உகாண்டாவின் நியேகே நியேகே டேப்ஸ் வெளியிட்டது. நிமிஷத்துக்கு 200 தட்டுக்கு மேல் ஓடும். ஹெட்போனில் எனக்குத் தலை வலித்தது. வீட்டில் சத்தமாகப் போட்டபோது அடுப்படியிலிருந்து அம்மா, "யார் வீட்டு எழவுக்குடா இந்த அடி அடிக்கிறாங்க?" என்றார். அப்போதுதான் என் உடம்புக்கு விளங்கியது. கூட்டத்தின் நடுவே, தெருவில், நின்றபடி கேட்க வேண்டியதை நான் நாற்காலியில் உட்கார்ந்து காதில் மாட்டிக் கேட்டிருக்கிறேன்.

அதற்காக விமர்சனத்தில் 'ஆப்பிரிக்கச் சாவு மேளம்' என்று எழுதவில்லை. அது கல்யாணங்களிலும் தெருக் கொண்டாட்டங்களிலும் ஆடுவதற்கான இசை. 'இது அது மாதிரி' என்பது எழுதுகிறவருக்குச் சுலபம், வாசிக்கிறவருக்கு அதனால் ஒன்றும் கேட்பதில்லை. தாராப் என்ற கிழக்கு ஆப்பிரிக்க இசையின் பாட்டுகளிலிருந்து எடுத்த துண்டுகளைக் கம்ப்யூட்டரில் வேகம் கூட்டிச் சுழற்ற, அதன் மேல் ஒருவர் மூச்சு விடாமல் ஸ்வாஹிலியில் பொழிகிறார் என்று எழுதினேன். படித்தவர் போய்க் கேட்கும்போது அடையாளம் கண்டுகொள்வார்.

நட்சத்திர மதிப்பெண் போடுவதில்லை. நாற்பது பேர் மட்டுமே கேட்ட ஆல்பம் எனக்குப் பிடிக்கவில்லை என்றால் பேசாமல் இருந்துவிடுவேன். பிடித்த மாதிரி நடித்து ஒரு வரிகூட எழுத மாட்டேன். எழுதுவதற்கு முன்னால் காசு கொடுத்து வாங்கிவிடுவேன். பேண்ட்கேம்ப் வழக்கமாக டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 2020 மார்ச்சில் கொரோனா நேரத்தில் ஆரம்பித்த 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' நாட்களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. நான் வாங்குவதை அந்த வெள்ளிக்கிழமைகளுக்கு ஒத்திப்போடுவேன்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் 19 பேரும் முதல் முறையாக மேடையேறி, கானாவும் ராக்கும் ராப்பும் சேர்ந்து ஒலித்த பிறகு, கானா பாடுகிறவர்களின் பெயர்களை வெளியே உள்ளவர்களும் இன்னும் அதிகமாகத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தார்கள். என் பதினோரு பாட்டில் நான்கைப் பாடியவர்கள் யாரென்று யூடியூபில் தேடிப் பிடித்துவிட்டேன். 'டிராக் 07' மட்டும் கிடைக்கவில்லை. சுமார் நான்கு நிமிஷம் ஓடும். தாளத்துக்கு ஏதோ மரப்பெட்டியைத் தட்டுகிறார்கள். இரண்டாவது சரணம் முடியும் இடத்தில் பக்கத்தில் எங்கேயோ குக்கர் விசில் அடிக்கும். பாடுகிறவர் அது அடங்கும்வரை நிறுத்தி, பெட்டியை மட்டும் தட்ட விட்டு, பிறகு நண்பன் பெயரைச் சொல்லி மேலே எடுப்பார். 'சேகரு' என்று கேட்கிறது. வடசென்னைப் பக்கம் யாருக்காவது இது தெரிந்திருந்தால் கீழே எழுதுங்கள்.