நிலத் தகராறில் இடைக்காலத் தடை: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: வக்கீல் சார், பக்கத்து நிலத்துக்காரர் எங்கள் வரப்பை வெட்டிக் கல் நடப் பார்க்கிறார். பட்டா அப்பா பேரில் இருக்கிறது. நாளைக்கே ஸ்டே வாங்கிவிடலாமா?

பதில்: அப்பா இருக்கிறார் என்றால் அவர்தான் வாதி, நீங்கள் இல்லை. அப்புறம், தடை மனுவை மட்டும் தனியாகப் போட முடியாது. முன்சீப் கோர்ட்டில் அசல் வழக்கைத் தாக்கல் செய்து, அதோடுதான் சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 39, விதி 1, 2ன் கீழ் ஐ.ஏ. (இடைக்கால மனு) போட வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் உங்கள் பக்கம் வழக்கு நிற்கிறதா, தடை இல்லாவிட்டால் யாருக்குச் சிரமம் அதிகம், பின்னால் பணத்தால் ஈடுகட்ட முடியாத நஷ்டமா என்று மூன்றையும் நீதிபதி பார்ப்பார். ஆனால் நடைமுறையில் முதல் கேள்வியே 'இன்றைக்கு அனுபவத்தில் யார்?' என்பதுதான். பட்டாவை மட்டும் நீட்டினால் போதாது, அது வருவாய்த்துறைக் காகிதம். கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, அடங்கல், தீர்வை ரசீது எல்லாம் எடுத்து வையுங்கள். வரப்புத் தகராறு என்பதால் எஃப்.எம்.பி. வரைபடமும் (சர்வே எண்ணின் எல்லை அளவுகள் உள்ள புல வரைபடம்) வேண்டும், சர்வேயரோடு போய் அளக்க வக்கீல் கமிஷனரையும், அதாவது இடத்தைப் பார்த்து அறிக்கை தர கோர்ட் நியமிக்கும் வக்கீலையும், கேளுங்கள் (கட்டளை 26, விதி 9). பக்கத்து நிலத்துக்காரரும் அதே இடத்துக்குப் பத்திரம் காட்டினால் வெறும் தடை வழக்கு தாங்காது, உரிமை விளம்புகையும் (நிலம் உங்களுடையதுதான் என்று கோர்ட் அறிவிப்பது) சேர்த்துக் கேட்க வேண்டும். 2008ல் அனாதுல சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கேள்வி: நோட்டீஸ் போய்ச் சேர்வதற்குள் பேஸ்மட்டமே எழும்பிவிடுமே?

பதில்: அதற்குத்தான் ஒருதலைப்பட்சத் தடை. ஏன் நோட்டீஸ் இல்லாமல் தருகிறேன் என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும். தடை வந்ததும் மனு, பிரமாணப் பத்திரம், ஆவண நகல்களை எதிராளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அன்றைக்கோ மறுநாளோ அதற்கான பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யுங்கள். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மனுவை 30 நாளுக்குள் முடிக்க கோர்ட் முயல வேண்டும் என்கிறது கட்டளை 39ன் விதி 3ஏ. பழைய வழக்கு ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள், தெரியவந்தால் தடை போய்விடும்.

கேள்வி: பாகம் பிரிக்காத சொத்தைத் தம்பி விற்கப் போகிறான், தடுக்க முடியுமா அண்ணா?

பதில்: பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, விற்பனைக்குத் தடை கேளுங்கள். 'தம்பி உள்ளேயே வரக்கூடாது' என்று கேட்காதீர்கள், கூட்டு உரிமையாளருக்கு எதிராக அது சாதாரணமாகக் கிடைக்காது. வழக்கு நடக்கும்போது வாங்குகிறவரையும் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 52ஆவது பிரிவு அந்த வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்படுத்தும்.

கேள்வி: தடை இருக்கும்போதே ஜேசிபி இறக்கிவிட்டார்கள். ஸ்டேஷனில் 'சிவில் மேட்டர்' என்கிறார்கள்.

பதில்: தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். கட்டளை 39, விதி 2ஏ மனு போட்டால் சொத்து ஜப்தி, 3 மாதம் வரை சிவில் சிறை. போலீஸ் பாதுகாப்புக்கு சிவில் நடைமுறைச் சட்டம் 151ஆவது பிரிவில் தனி மனு போடுங்கள். கோர்ட் உத்தரவைக் கையில் கொடுத்தால் ஸ்டேஷனில் பேச்சே மாறும்.

கேள்வி: என்மேல்தான் தடை வாங்கப் போகிறார்களாம், சார்.

பதில்: அதே சட்டத்தின் 148ஏ பிரிவில் கேவியட் ('என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்ற முன் மனு) போட்டு வையுங்கள். 90 நாள் செல்லும், உங்களுக்குச் சொல்லாமல் உத்தரவு போட மாட்டார்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள் என்றால் வாய்தாவுக்குக் காத்திராமல், தடையை நீக்க கட்டளை 39, விதி 4ல் மனு.