எரித்திரியாவின் குராவில் அமெரிக்கர்கள் ஓர் இரகசிய விமானப் பழுதுபார்ப்புத் தளத்தை நடத்தினார்களா?

இரண்டாம் உலகப் போரின்போது எரித்திரியாவின் மலைப்பகுதியில் அமெரிக்கர்கள் இரகசியமாக விமானங்களைப் பழுதுபார்த்தார்கள் என்பது உண்மைதானா, உண்மையென்றால் ஏன் அவ்வளவு தொலைவான இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வரலாற்றாசிரியன் அல்லன். விமானப் பராமரிப்பில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக (விமானத்தின் உடற்கூட்டைப் பொருத்திச் சரிசெய்பவனாக) இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். பழுதுபார்ப்புத் தளங்களின் கதையை எங்கே கண்டாலும் விடாமல் படிப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

உண்மைதான். அந்தத் தளத்தின் பெயர் ‘புராஜெக்ட் 19’. எரித்திரியாவின் தலைநகரான அஸ்மாராவுக்குத் தெற்கே, தெகெம்ஹாரே என்ற ஊருக்கு அருகில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் குரா சமவெளியில் அது இயங்கியது. டி.சி.3 விமானங்களைச் செய்த, கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவைத் தலைமையிடமாகக் கொண்ட டக்ளஸ் நிறுவனத்தின் தொழிலாளர்கள் அங்கே 1942இலும் 1943இலும் வேலை செய்தார்கள். அவர்கள் சீருடை அணிந்த படைவீரர்கள் அல்லர், ஒரு தனியார் நிறுவனத்தின் ஊழியர்கள். ‘இரகசியம்’ என்ற சொல்லின் பொருள் இந்த ஒரு செய்தியில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

காரணத்தைப் புரிந்துகொள்ள 1941க்குப் போக வேண்டும். ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது அந்த ஆண்டின் டிசம்பர் 7 அன்று. அதுவரை அமெரிக்கா சட்டப்படி நடுநிலை நாடு. ஆனால் மார்ச் 11 அன்று கையெழுத்தான கடன்-குத்தகைச் சட்டத்தின்படி பிரிட்டனுக்குப் போர்த்தளவாடங்களைக் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. விமானத்தைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்துவிடும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கக்கூடும். உதிரிப்பாகமும் கருவியும் அந்த வகை விமானத்தைப் பிரித்துப் பூட்டிப் பழகிய கைகளும் கூடவே போகாவிட்டால், சில மாதங்களில் அந்த விமானம் மணலில் நிற்கும் அலுமினியக் குவியலாகிவிடும். ஆகவே ஆட்களும் போக வேண்டியிருந்தது, படைவீரர்களை அனுப்பவோ நடுநிலை தடுத்தது. அதற்குக் கண்ட வழிதான் ஒரு நிறுவனம், ஓர் ஒப்பந்தம், பெயருக்குப் பதிலாக ஓர் எண். 1941 செப்டம்பரில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆணைப்படி அமைந்து, ஜெனரல் ரஸ்ஸல் மேக்ஸ்வெல் தலைமையில் கெய்ரோவுக்குச் சென்ற அமெரிக்கத் தூதுக்குழு இத்தகைய பணிகளை மேற்பார்வையிட்டது. திட்டம் உருவானபோது இருந்த தடை, ஆட்கள் குராவில் வேலையைத் தொடங்குவதற்குள் நீங்கிவிட்டது. ஆனாலும் குடிமக்களைக் கொண்டு நடத்தும் அமைப்பு அப்படியே தொடர்ந்தது.

அடுத்தது, ஏன் எரித்திரியா என்ற கேள்வி. மத்தியதரைக் கடல் வழி ஜெர்மனி, இத்தாலி ஆகிய அச்சு நாடுகளால் ஏறக்குறைய அடைபட்டிருந்ததால், அமெரிக்காவிலிருந்து பிரிட்டிஷ் படைகளின் தளமாக இருந்த எகிப்துக்குச் செல்லும் கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, 11,000 கடல் மைல்களுக்கு மேல், இரண்டு மாதங்களுக்குக் குறையாமல் பயணம் செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தின் கடைசிப் பகுதி செங்கடல். எரித்திரியாவின் மசாவா துறைமுகம் இத்தாலியர் கையில் இருந்தவரை செங்கடல் போர்ப்பகுதி என்று அறிவிக்கப்பட்டிருந்தது, அமெரிக்கக் கப்பல்கள் அங்கே நுழையச் சட்டம் இடம் தரவில்லை. 1941 மார்ச் 27 அன்று, ஏழு வாரக் கடும்போருக்குப் பிறகு, எரித்திரியாவில் இத்தாலியர் காத்துநின்ற கெரென் மலைக்கணவாய் விழுந்தது. ஏப்ரல் 1 அன்று அஸ்மாராவும், 8 அன்று மசாவாவும் பிரிட்டிஷ் படைகளிடம் வந்தன. அடுத்த சில நாட்களிலேயே செங்கடலைப் போர்ப்பகுதிப் பட்டியலிலிருந்து ரூஸ்வெல்ட் நீக்கினார், அமெரிக்கக் கப்பல்களுக்கு வழி திறந்தது.

கெரெனில் பிரிட்டிஷ் தரப்பில் போரிட்டவர்களில் பெரும்பகுதியினர் 4ஆம், 5ஆம் இந்தியப் படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். 4ஆம் பிரிவின் பொறியாளர் கம்பெனிகளில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினரும் இருந்தார்கள். அந்தக் கணவாய் திறந்திராவிட்டால் செங்கடல் திறந்திருக்காது, குராவுக்கு ஓர் ஆணிகூடப் போய்ச் சேர்ந்திருக்காது. நம் ஊர்ப்பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கதையில் இருக்கும் பங்கை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

குராவைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னும் நேரடியான காரணமும் உண்டு. அங்கே ஏற்கெனவே இத்தாலியரின் விமானத்தளம் இருந்தது. பக்கத்திலேயே மாய் எதாகாவில் கப்ரோனி என்ற இத்தாலிய விமான நிறுவனத்தின் பணிமனையும் இருந்தது. மசாவாவிலிருந்து அஸ்மாராவரை 118 கிலோமீட்டர் ரயில் பாதையும், 70 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட சரக்குக் கம்பிவடப் பாதையும் மலையேறி வந்தன. மசாவாவின் வெயில் நாற்பது டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், மேட்டுநிலத்திலோ ஆண்டின் பெரும்பகுதி மிதமான குளிர். எங்கள் தொழிலில் இது சிறிய விஷயம் அன்று. மூடிய இறக்கைக்குள் கையை விட்டு ரிவெட் அடிப்பவனுக்கு உலோகம் சுடாமல் இருப்பதே பெரிய உதவி, எஞ்சினைப் பிரித்து வைத்திருக்கும் மேசையில் மணல் படியாமல் இருப்பது அதைவிடப் பெரிய உதவி. குறை என்று சொல்வதானால், அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் விமானம் எழும்பக் கூடுதல் ஓடுபாதை தேவைப்படும் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

மணலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வட ஆப்பிரிக்கப் போரில் விமானங்களை வீழ்த்தியது எதிரியின் துப்பாக்கி மட்டும் அன்று. காற்றோடு உள்ளே போகும் நுண்மணல் பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும், எண்ணெயில் கலந்து பேரிங்குகளைத் தின்னும். வடிகட்டி பொருத்தினாலும் எஞ்சின் தன் முழு ஆயுள் மணிநேரத்தை எட்டுவதற்கு முன்பே ஓவர்ஹாலுக்கு, அதாவது முழுவதும் பிரித்துச் சரிசெய்யும் வேலைக்கு, வந்துவிடும். பிரிட்டிஷாரிடம் டோமஹாக், கிட்டிஹாக் என்ற பெயர்களில் இருந்த அமெரிக்க பி-40 போர்விமானங்களுக்கும் இதே கதிதான். புதிய விமானம் வேண்டுமென்றால் இரண்டு மாதக் கடல்வழி, அல்லது மேற்கு ஆப்பிரிக்காவின் தக்கோராடித் துறைமுகத்தில் பெட்டியைப் பிரித்துப் பூட்டி, கண்டத்தின் குறுக்கே கெய்ரோவரை பறந்துவரும் வழி. முதல் அணி அப்படிக் கிளம்பியது 1940 செப்டம்பரில். இந்த நிலையில் பழுதான ஒரு விமானத்தை அங்கேயே சரிசெய்து திருப்பி அனுப்புவது என்பது, கப்பலில் ஏற்றாமலே ஒரு புதிய விமானத்தைப் பெறுவதற்குச் சமம். இரண்டு உடைந்த விமானங்களிலிருந்து பறக்கும் ஒன்றை உருவாக்குவதை நாங்கள் ‘கேனிபலைஸ்’ செய்வது என்போம். கட்டாயம் இல்லாமல் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். அந்தப் போர்முனையில் கட்டாயம் எப்போதும் இருந்தது.

கெய்ரோவுக்குப் பக்கத்திலேயே பழுதுபார்க்கக் கூடாதா என்று கேட்கலாம். அதையும் செய்தார்கள். ஏர் வைஸ் மார்ஷல் கிரஹாம் டாசன் பொறுப்பில், பிரமிடுகளுக்குக் கல் வெட்டிய தூரா குகைகள் பணிமனைகளாக மாறின. குண்டு அங்கே துளைக்காது என்பது சரிதான், ஆனால் எகிப்தே விழுந்தால் குகையும் போய்விடும். 1942 ஜூன் 21 அன்று டோப்ருக் வீழ்ந்து, ஜெர்மானியத் தளபதி ரோம்மெல் எகிப்துக்குள் அல் அலமைன்வரை வந்துவிட்டபோது, கெய்ரோவின் அலுவலகங்களில் கோப்புகளை எரித்தார்கள். அந்தக் கோடைகாலத்தில், கெய்ரோவிலிருந்து நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் தள்ளி, ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானங்கள் எட்ட முடியாத இடத்தில் ஒரு முழுமையான பணிமனை இருந்தது என்பதே குராவின் மதிப்பு. அங்கே சரிசெய்யப்பட்ட விமானங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அதை எடைபோடுவது சரியாகாது என்றுதான் நான் நினைக்கிறேன். எகிப்து கைவிட்டுப் போனாலும் போரைத் தொடர ஓர் இடம் இருந்தது.

என்னை மிகவும் பாதிப்பது அங்கே வேலை செய்த மற்றவர்களின் கதை. அமெரிக்கர்களோடு இத்தாலியர்களும் எரித்திரியர்களும் அங்கே உழைத்தார்கள். இத்தாலி சரணடைந்த அறிவிப்பு வந்தது 1943 செப்டம்பர் 8 அன்று. அதற்கு முன்பு வரை அந்த இத்தாலியர்கள் சட்டப்படி எதிரி நாட்டவர், ஆனாலும் தம் நாட்டின் மீது குண்டு போடும் தரப்பின் தளத்தில் அவர்கள் வேலை பார்த்தார்கள். பசியும் குடும்பமும் ஒரு காரணமாக இருந்திருக்கும், ஆனால் கையில் தொழில் இருப்பவனுக்கு வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்ட துன்பம் என்பதையும் நான் அறிவேன். எரித்திரியர்களின் நிலை வேறு. இத்தாலிய ஆட்சி அவர்களுக்கு நான்காம் வகுப்புக்கு மேல் பள்ளிப் படிப்பைத் திறக்கவில்லை, 1930களின் இனச் சட்டங்கள் அவர்களை ஊருக்குள்ளேயே ஒதுக்கி வைத்திருந்தன. சொந்த மண்ணில் எழுந்த அந்தத் தளத்தின் கதை எங்கே எழுதப்பட்டாலும் டக்ளஸ் ஆட்களின் நினைவுகளே அதில் நிறைந்திருக்கின்றன. சுமை தூக்கியவர்கள், சாலை போட்டவர்கள், தகட்டை மறுபுறம் தாங்கிப் பிடித்தவர்கள் பற்றி நான் படித்தவற்றில் ஒரு பெயர்கூட இல்லை. ரிவெட் அடிக்கப் பெரும்பாலும் இரண்டு பேர் வேண்டும் என்பதால் இந்தக் குறை எனக்குக் கூடுதலாக வலிக்கிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. குரா சமவெளிக்கு அமெரிக்கர்கள் வந்தது இது முதல் முறை அன்று. 1876 மார்ச்சில் அதே இடத்தில் எத்தியோப்பியப் பேரரசர் நான்காம் யோஹன்னிஸின் படை எகிப்தியப் படையைத் தோற்கடித்தது. அந்த எகிப்தியப் படையின் தளபதி ராத்திப் பாஷாவுக்கு அடுத்த நிலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற வில்லியம் லோரிங் இருந்தார்.

1942 நவம்பரில் அலமைன் வெற்றிக்குப் பிறகு போர்முனை மேற்கே நகர்ந்தது, 1943 மே மாதம் துனிசியாவில் அச்சுப் படைகள் சரணடைந்தன. எந்தத் தொலைவு குராவைப் பாதுகாத்ததோ அதே தொலைவு இப்போது அதைப் பயனற்றதாக்கிவிட்டது. அந்த ஆண்டிலேயே தளம் மூடப்பட்டது, டக்ளஸ் ஆட்கள் கிளம்பினார்கள். போர்க்காலத் தேவையை நம்பி வளர்ந்த எரித்திரியாவின் வேலைவாய்ப்புகள் அடுத்தடுத்துச் சரிந்தன. மசாவாவிலிருந்து மலையேறி வந்த அந்தக் கம்பிவடப் பாதையைக்கூட பிரிட்டிஷ் நிர்வாகம் பின்னர் கழற்றிவிட்டது.