மதரஸா பிள்ளைகளுக்கு டிஜிட்டல் மார்க்கெட்டிங் தேவையா?

கேள்வி: எங்கள் மதரஸா விடுதியில் தங்கி ஓதும் பிள்ளைகளுக்குத் தொழில்முனைவும் டிஜிட்டல் மார்க்கெட்டிங்கும் சொல்லிக்கொடுக்கலாம் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு வந்திருக்கிறது. கைக்குப் போன் வந்தால் ஓதுவது கெட்டுப்போகும் என்று ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் தயங்குகிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். ஹஜ்ரத்தின் பயமும் நியாயமானதுதான், அதனால் போனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கிதாபை எடுங்கள். தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரமாக இருந்ததும், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று சொன்ன ஹதீஸ் பிள்ளைகளுக்குத் தெரிந்ததாகவே இருக்கும். பொருளின் குறை தெரியாத மாதிரி படம் எடுத்துப் போடுவதும், சொந்தக்காரர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போட வைப்பதும் அதே ஏமாற்றுதான். உன்னிடம் இல்லாததை விற்காதே என்ற ஹதீஸை வைத்து, சரக்கைக் கையில் வைக்காமல் ஆர்டர் வந்தபின் வேறொருவரிடமிருந்து அனுப்ப வைக்கும் டிராப்ஷிப்பைப் பேசுங்கள். ஏஜென்டாக விற்பது வேறு, கையில் இல்லாததைத் தன் சரக்கு போலக் காட்டி விற்பது வேறு என்பதை ஹஜ்ரத்தே நன்றாக விளக்குவார். இந்த வகுப்பின் முதல் ஆசிரியர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

இந்தோனேசியாவில் இது புதிதில்லை. பாண்டுங் பக்கம் சிவிடேயில் அல்-இத்திஃபாக் என்ற பெசாந்த்ரேனில் (அங்கே தங்கி ஓதும் மதரஸாவுக்கு அதுதான் பெயர்) பிள்ளைகள் ஓதிக்கொண்டே காய்கறி விளைவித்து சூப்பர்மார்க்கெட்டுகளுக்கு அனுப்புகிறார்கள். 2019ல் வந்த பெசாந்த்ரேன் சட்டமும் கல்வி, தஃவாவோடு (மார்க்க அழைப்புப் பணி) சமூக மேம்பாட்டையும் அவற்றின் வேலையாகச் சொல்கிறது.

உங்களுக்குத் தோட்டம் வேண்டாம், ஜார்ஜ் டவுனில் சோங்கோக் தொப்பி தைக்கும் ஒரு பெரியவரிடம் போங்கள். நேரில் வரும் வாடிக்கையாளரை மட்டுமே நம்பியிருப்பவராக இருந்தால் ரொம்ப நல்லது. சோங்கோக்கை ஆன்லைனில் விற்பதில் பெரிய தலைவலி அளவுதான், தலையைச் சுற்றி எங்கே எப்படி அளப்பது என்று தமிழிலும் மலாயிலும் எழுதிப் படத்தோடு போட வேண்டும், அளவு சரியில்லை என்றால் யார் செலவில் திருப்பி அனுப்புவது என்பதை விற்பதற்கு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். விலை போடுவது, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது, கணக்கு எழுதுவது எல்லாம் இந்த ஒரு பொருளிலேயே பழகிவிடும்.

போன் ஒன்று போதும். மதரஸா பெயரில் வாட்ஸ்அப் பிஸினஸ் கணக்கு, வகுப்பு நேரத்தில் மட்டும், உஸ்தாத் பக்கத்தில் இருக்க. வகுப்பு முடிந்ததும் போன் அலுவலகத்துக்குப் போய்விடட்டும். மலேசியாவில் வியாபாரத்தைப் பதியும் எஸ்எஸ்எம் பதிவுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், அதனால் வியாபாரம் சோங்கோக் தைக்கும் பெரியவர் பெயரிலேயே இருக்கட்டும்.

சம்பல், கறித்தூள் என்று உணவுப் பக்கம் போகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். உணவைக் கையாள்பவர்களுக்கு டைஃபாய்டு தடுப்பூசியும் பயிற்சியும் கட்டாயம். மதரஸாவில் செய்ததுதானே என்று நீங்களாகவே ஹலால் முத்திரையைப் போட்டுவிடவும் கூடாது. மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமோ மாநில இஸ்லாமிய மன்றமோ சான்று தராமல் அதைப் போடுவது 2011ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம்.

லாபத்தில் பிள்ளைகளுக்கு எவ்வளவு, மதரஸாவுக்கு எவ்வளவு என்பதை ஆரம்பத்திலேயே எழுதிப் பெற்றோருக்குக் காட்டிவிடுங்கள். பெண் பிள்ளைகள் விடுதியும் இருந்தால் அவர்களுக்கும் இதே வகுப்பை வையுங்கள், தையல் வகுப்போடு நிறுத்திவிடாதீர்கள்.