லாபோ விஆர் அட்டைக் கண்ணாடி: மங்கலும் தலைசுற்றலும்

நின்டெண்டோவின் ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியை லாபோ விஆர் (மெய்நிகர் காட்சி) அட்டைக் கண்ணாடிக்குள் செருகி, செல்டா என்ற சாகச விளையாட்டை விளையாடும்போது படம் மங்கலாகத் தெரிகிறது, பத்து நிமிடத்தில் மகனுக்குத் தலைசுற்றுகிறது, அட்டையைத் தவறாக மடித்துவிட்டோமோ என்று கேட்டிருந்தீர்கள். மடிப்பில் தவறு இருக்க வாய்ப்புக் குறைவு. ஸ்விட்ச் திரையே 1280 x 720 புள்ளிகள்தான். அதை இரண்டாகப் பிரித்தால் ஒரு கண்ணுக்கு 640 புள்ளி அகலமே கிடைக்கிறது. லென்ஸ் அதையும் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஓரளவு மங்கல் இருக்கவே செய்யும். ஆனால் உருவம் இரண்டாகத் தெரிந்தால், கருவி அட்டைக்குள் கடைசிவரை நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸில் விரல்ரேகையும் படிந்திருக்கும். மெல்லிய துணியால் துடையுங்கள்.

தலைசுற்றலுக்குக் காரணம் செல்டாதான். அதன் விஆர் 2019இல் புதுப்பிப்பாக வந்து ஒட்டிக்கொண்ட வசதி. செல்டா விஆருக்கென்றே உருவான விளையாட்டு அல்ல. பாத்திரம் ஓடுகிறது, உடல் அசையவில்லை; குமட்டாமல் என்ன செய்யும்? பெட்டியோடு வந்த பிளாஸ்டர் என்ற சுடும் விளையாட்டில் தொடங்குங்கள். அது விஆருக்கென்றே உருவானது. தலைப்பட்டை இல்லாததும் ஒருவகையில் நல்லதே, கை வலித்தால் தானாக இறக்கிவிடுவான்.

மகனுக்கு ஏழு வயது ஆகவில்லையென்றால் அமைப்பில் விஆரை அணைத்துவிட்டுச் சாதாரணத் திரையாகவே விளையாட விடுங்கள்.