குடல் புழு: கேளுங்கள், டிரெசர் சொல்கிறேன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் தோட்டங்களில் டிரெசராக, அதாவது தோட்ட மருந்தகத்தில் மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். புழுவைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, வளரும் நாடுகளில் நோயாளிகள் எத்தனை பேருக்குக் குடல் புழு இருக்கும்? மகளின் இடுபணிக்குத் தேவை.

பதில்: ஒரே எண்ணாகக் கேட்டால் கிடைக்காது, அம்மா. மண் வழியாகப் பரவும் குடல் புழு உள்ளவர்கள் ஏறத்தாழ 1.5 பில்லியன் பேர் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது ஊர்க்கணக்கு, நோயாளிக் கணக்கு அல்ல. ஆஸ்பத்திரியில் மலம் கொடுப்பவர் ஏற்கெனவே வயிற்றுப்போக்கோ சோகையோ வந்தவர்; அவரை வைத்து ஊரை அளந்தால் எண் ஏறிவிடும். இறங்கவும் செய்யும்: ஒருநாள் மாதிரியில் லேசான தொற்று தப்பிவிடும். மலத்தைத் தடவி நுண்ணோக்கியில் முட்டை எண்ணும் கேட்டோ-காட்ஸ் ஸ்லைடை ஒரு மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் கொக்கிப்புழு முட்டை கண்ணுக்கே தெரியாது. நம் நாட்டிலேயே ஒராங் அஸ்லி பழங்குடி கிராமங்களில் பல ஆய்வுகள் பாதிப் பேருக்கு மேல் சாட்டைப்புழுவைக் கண்டன. யாரை, எப்படிச் சோதித்தார்கள் என்பதையும் மகள் எழுதட்டும்.

கேள்வி: இனிப்பு தின்றால் பூச்சி வருமா?

பதில்: வராது.

கேள்வி: பேரனுக்கு ராத்திரியில் ஆசனவாய் அரிப்பு.

பதில்: கீரிப்பூச்சியாக இருக்கும். காலையில் கழுவும் முன் செலோடேப் ஒட்டி எடுத்துக் கிளினிக்கில் கொடுங்கள். அதுதான் என்றால் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து, இரண்டு வாரத்தில் மறுபடியும். மற்ற புழுவுக்கெல்லாம் முதலில் மலச் சோதனை!

கேள்வி: செம்பனைத் தோட்ட வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் கொண்டு வந்ததுதானே இதெல்லாம்?

பதில்: 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறக்கட்டளையின் குழு மலாயா, ஜாவா, பிஜி என்று கொக்கிப்புழுவை ஆராய்ந்ததே, அப்போது தோட்டத்தில் இருந்தது யார்? நம் பாட்டன்மார்.

அதே அன்பர்: என் தாத்தா வேப்பிலை குடித்தே நன்றாக இருந்தார். அவரை ஏன் இழுக்கிறீர்கள்?

பதில்: தாத்தாவைக் குறை சொல்லவில்லை, தம்பி. ஒழுங்கான கக்கூஸ் இல்லாத லயம் (தொழிலாளர் வரிசை வீடு), செருப்பில்லாத கால், ஈர மண். கொக்கிப்புழுவின் குஞ்சு பாதத் தோலைத் துளைத்து, ரத்தத்தில் நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் ஒட்டும். வேப்பிலை எந்த இடத்தில் அதை மறித்தது? அந்தப் புழு குடித்த ரத்தத்தால் சோகை பிடித்தவரைத்தான் கிராணி (தோட்டக் கணக்கர்) சோம்பேறி என்று ஏசினார். இன்று அதே ஏச்சை வங்காளதேசத்துப் பையனுக்கு நாம் கொடுக்கிறோம். இதோடு விடுங்கள்.

கேள்வி: அப்பா பால்மரம் சீவியவர். மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை தரப்போகிறார்கள்.

பதில்: தொடங்கும் முன் ஸ்டிராங்கிலாய்டஸ் என்ற குடல் புழுவுக்குச் சோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்தப் புழு உடம்புக்குள்ளேயே பெருகிப் பல ஆண்டுகள் கிடக்கும். ஸ்டீராய்டு உள்ளே போனால் உயிருக்கே ஆபத்தாகலாம். வழக்கமான ஒருவேளைப் பூச்சி மாத்திரை இதற்குப் போதாது.

கேள்வி: சோதனை இல்லாமல் அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: மேலே என்ன எழுதினேன்? 400 மில்லிகிராம் ஒருவேளைக்கு நாக்குப்பூச்சி போகும், சாட்டைப்புழு பெரும்பாலும் போகாது. சோதியுங்கள்.

கேள்வி: மருமகள் இரண்டு மாத கர்ப்பம். பூச்சி மாத்திரை?

பதில்: முதல் மூன்று மாதம் வேண்டாம். அப்புறம் கிளினிக் தாதியைக் கேளுங்கள்.