டிக்கெட்டின் மேல் கை வைத்து ஜெபிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் களியக்காவிளைக்குப் பக்கம். கணவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். எல்லையைத் தாண்டினால் கேரள லாட்டரிக் கடை. தினமும் 50 ரூபாய் டிக்கெட் மூன்று எடுத்து வருகிறார். வருஷப் பிறப்பு ஆராதனையில் எங்களுக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், ‘கர்த்தரின் ஆசீர்வாதமே ஐசுவரியத்தைத் தரும்’ என்ற வசனம் வந்தது. அதிலிருந்து பரிசு விழும் என்று உறுதியாக நம்புகிறார். “யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தானே அப்போஸ்தலனாக எடுத்தார்கள்? விழுந்தால் தசமபாகம் சபைக்கு” என்கிறார். டிக்கெட்டின் மேல் நானும் கை வைத்து ஜெபிக்க வேண்டுமாம். மறுத்தால், உனக்கு விசுவாசம் இல்லை என்கிறார். மகளின் கல்லூரி ஃபீஸ் இன்னும் கட்டவில்லை. நான் என்ன செய்வது?

– ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, கை வைக்காதீர்கள். உங்களுக்கு விசுவாசம் இருப்பதால்தான் அந்தக் கை தயங்குகிறது.

முதலில் அந்த அட்டையை எடுத்து வசனத்தை முழுதாக வாசியுங்கள். நீதிமொழிகள் 10:22. ‘கர்த்தரின் ஆசீர்வாதமே ஐசுவரியத்தைத் தரும், அதனோடே அவர் வேதனையைக் கூட்டார்.’ இரண்டாவது பாதியை உங்கள் கணவர் விட்டுவிட்டார். ஒரு நாளைக்கு 150 ரூபாய் என்றால் மாதம் 4,500 ரூபாய். மழைக்காலத்தில் வெட்டு நின்றுபோனால் கூலியே இல்லாத வீட்டில், அந்தப் பணம் மகளின் ஃபீஸிலிருந்துதான் போகிறது. வேதனை ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. அப்படியிருக்க, இதுதான் அந்த ஆசீர்வாதம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாக்குத்தத்த அட்டை நம் சபைகளில் எனக்கும் பிடித்த வழக்கம். ஆனால் அதையே குறிசொல்லும் சீட்டாக ஆக்கிவிட்டால், வேதத்தை வைத்தே அதிர்ஷ்டம் பார்க்கிறோம் என்றாகிவிடும்.

சரி, மத்தியா. அப்போஸ்தலர் முதலாம் அதிகாரத்தில் சீட்டுப் போட்டது உண்மை. ஆனால் அங்கே யாரும் பணம் கட்டவில்லை. இயேசுவோடு ஆரம்பமுதல் இருந்த இரண்டு பேரை நிறுத்தி, ஜெபித்து, அப்புறம்தான் சீட்டுப் போட்டார்கள். ஒருவருடைய நஷ்டம் இன்னொருவருக்கு லாபமாகவும் இல்லை. லாட்டரிக்கு ஒப்பான சீட்டு வேண்டுமென்றால் யோவான் 19-ஐத்தான் பார்க்க வேண்டும். சிலுவையின் அடியில், இயேசுவின் அங்கி யாருக்கு என்று சேவகர் சீட்டுப் போட்டார்கள்.

நீங்கள் யோசிக்க வேண்டியது இதுதான். கேரள லாட்டரியின் ஓணம் பண்டிகைக் குலுக்கலான ஓணம் பம்பரின் முதல் பரிசு 25 கோடி. டிக்கெட் 500 ரூபாய். 70 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்ற ஆண்டுகள் உண்டு. அந்த 25 கோடி வானத்திலிருந்து விழுவதில்லை. ஆட்டோ ஓட்டுகிறவர், மீன் விற்கிறவர், உங்கள் கணவரைப் போல விடியுமுன் கத்தியோடு தோட்டத்துக்குப் போகிறவர் என்று எத்தனையோ பேர் போட்ட பணம் அது. “ஆண்டவரே, எங்களுக்கு விழட்டும்” என்று ஜெபிக்கும்போது, “அவர்கள் எல்லாருக்கும் விழாமல் போகட்டும்” என்றும் சேர்த்தே ஜெபிக்கிறோம். அந்த ஜெபத்துக்கு ‘ஆமென்’ சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை. அது சரியான மனம்.

தசமபாகத்துக்கும் இதே பதில்தான். தாவீது பெத்லகேம் கிணற்றுத் தண்ணீருக்கு ஆசைப்பட்டபோது மூன்று வீரர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்தார்கள். அவன் குடிக்கவில்லை, இது அந்த மனிதரின் இரத்தமல்லவா என்று கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டான். பிறர் கொடுத்த விலை அவனுக்குத் தெரிந்தது. பரிசில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுத்துவிட்டால் மீதி ஒன்பது பங்கு சுத்தமாகிவிடாது.

எல்லாச் சபைகளும் இதில் ஒரே மாதிரி சொல்வதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2413-ஆம் பத்தியில், பந்தயமும் அதிர்ஷ்ட விளையாட்டும் தம்மிலேயே நீதிக்கு விரோதமல்ல என்கிறது. ஆனால் தன் தேவைக்கும் பிறர் தேவைக்கும் வேண்டியதைப் பறிக்கும்போது அவற்றை ஏற்க முடியாது என்றும், அந்த மோகம் மனிதனை அடிமையாக்கிவிடும் என்றும் சேர்த்தே எச்சரிக்கிறது. அந்த அளவுகோலை வைத்தாலும் ஃபீஸ் பணத்தில் வாங்கிய டிக்கெட் நிற்காது.

அதிர்ஷ்டம் என்ற சொல்லுக்கே ‘காணப்படாதது’ என்றுதான் பொருள். எபிரெயர் 11:1 விசுவாசத்தை ‘காணப்படாதவைகளின் நிச்சயம்’ என்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் யார் இருக்கிறார் என்பதில்தான் வித்தியாசம். அங்கே நம்மை அறிந்த ஒரு தகப்பன் இருக்கிறார் என்றால், குலுக்கலில் நம் எண் வருகிறதா என்று பார்த்து அவருடைய அன்பை அளக்க வேண்டியதில்லை. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, அவர் தாங்குவார் என்று பிசாசு சொன்னதும் விசுவாசம் மாதிரிதான் கேட்டது. இயேசு அதைத் தேவனைப் பரீட்சை பார்ப்பது என்றார்.

இதையெல்லாம் கணவரிடம் பிரசங்கமாகச் சொல்லாதீர்கள். கடன் இருக்கிறதா, யாருக்கு எவ்வளவு வட்டி என்று கேளுங்கள். பல வீடுகளில் டிக்கெட்டுக்குப் பின்னால் இருப்பது பேராசை அல்ல, சொல்ல முடியாத பயம். இரண்டு பேரும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஃபீஸைத் தவணையில் கட்ட முடியுமா என்று நீங்களே கல்லூரியில் போய்க் கேளுங்கள். கூலி வந்த அன்றே வீட்டுச் செலவுக்கானதை உங்களிடம் தரச் சொல்லுங்கள். நிறுத்த நினைத்தும் அவரால் நிறுத்த முடியவில்லை என்றால் அதை நோயாக எண்ணி உதவி தேடுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். போதகரிடமும் அவர் சம்மதத்தோடு பேசுங்கள்.

குலுக்கல் மதியம் மூன்று மணிக்கு. அதற்கு முன் அவர் டிக்கெட்டை நீட்டினால், அதை ஓரமாக வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் கத்தி பிடித்த அந்தக் கைக்காக, அவர் கேட்கும்படி சத்தமாக ஜெபியுங்கள்.