கப்பல் ஏறலாமா வேணாமா அண்ணே?

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப்பு எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா பாதிக்குப் பாதி கப்பல் விஷயம்தான். ஸ்கூல் லீவு வருதுல்ல. சரி, மிச்ச கேள்வியெல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம், இன்னிக்கு கப்பலையே பேசி முடிச்சுடுவோம்.

கேள்வி: அண்ணே, எங்களுக்கு கல்யாணம் ஆகி 40 வருஷம் ஆவுது. வீட்டுக்காரரு ஈ.பி.எஃப். காசுல மூணு ராத்திரி கப்பல் டிக்கெட் போட்டு வெச்சிட்டாரு. மகன் கேஎல்ல, அதான் கோலாலம்பூருல, இருக்கான், தெனம் ஒரு வீடியோ அனுப்புறான். கப்பல்ல 200 பேருக்கு வாந்தி பேதி, கரண்டு போயி நடுக்கடல்ல நிக்குது, "மிதக்கும் நரகம்"னு தலைப்பு வேற. ராத்திரி தூக்கமே வர மாட்டுது. கேன்சல் பண்ணா பாதி காசு போயிடும். என்ன பண்ண? (ஒரு வாசகி, கூலிம்)

பதில்: பசியாறிட்டு படிங்கம்மா, பதில் கொஞ்சம் நீளம்.

மகன் அனுப்புற வாந்தி பேதி செய்தி பொய்யில்ல. ஆனா அது எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. அமெரிக்காவுல சி.டி.சி.ன்னு ஒரு சுகாதார இலாகா இருக்கு, அந்த நாட்டுத் துறைமுகத்துக்கு வந்து போற கப்பல்ல நூத்துக்கு மூணு பேருக்கு வயிறு கெட்டாலே போதும், கப்பல் பேரு, தேதி, எத்தன பேருன்னு எல்லாத்தையும் பட்டியல் போட்டு வெளியில விட்டுடுவாங்க. பேப்பர்காரன் எங்கயும் அலைய வேணாம், எடுத்து தலைப்பு வெச்சா முடிஞ்சுது. 3,000 பேரு போற கப்பல்னா 90 பேருக்கு வந்தாலே அந்தப் பட்டியல்ல ஏறிடும், அதுவும் ஒரே நாள்ல 90 பேரு படுத்துட்டாங்கன்னு இல்ல, பயணம் முழுக்க கூட்டுன கணக்கு. மிச்சம் 2,910 பேரு பஃபேல மூணாவது தட்டுக்கு கியூ நின்னுக்கிட்டு இருப்பாங்க, அவங்கள யாரு வீடியோ எடுக்கப் போறா?

போன வருஷம் எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம். ஆட்டுக்கறி பெரட்டல்ல என்னமோ ஆயிருக்கு, மறுநாள் எங்க குடும்ப குரூப்புல மட்டும் 14 பேரு எம்.சி. (டாக்டர் சீட்டு லீவு) எடுத்தாங்க, எங்க அத்தை ரெண்டு நாள் ட்ரிப்பு ஏத்திக்கிட்டு கெடந்தாங்க. மண்டபத்து பேரு எந்தப் பேப்பர்லயாவது வந்துச்சா? யாரும் எண்ணவும் இல்ல, கேக்கவும் இல்ல. கப்பல்ல எண்ணுறாங்க, அதான் கப்பல் செய்தியில வருது. அந்த வயித்துக்கோளாறுக்கு பெரும்பாலும் காரணம் நோரோவைரஸ்னு ஒண்ணு. அமெரிக்காவுல மட்டும் வருஷத்துக்கு 19லேர்ந்து 21 மில்லியன் பேருக்கு வருதாம், ஆனா பதிவாகுற பரவல்ல கப்பல்ல நடக்குறது நூத்துல ஒண்ணுதான், அதுவும் அதே சி.டி.சி. சொல்ற கணக்கு. மிச்சமெல்லாம் முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி, சாப்பாட்டுக் கடை, ஸ்கூலு. ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க, பஃபே வாசல்ல கைக்கு ஜெல் அடிச்சு விடுவாங்க, அத நம்பிக்கிட்டு இருக்காதீங்க, இந்த வைரஸுக்கு ஜெல்லு சரியா வேலை செய்யாது, சோப்பு போட்டு தண்ணியில கழுவுறதுதான்.

கரண்டு போன கப்பல் கதையும் உண்மைதான். 2013 பிப்ரவரியில கார்னிவல் ட்ரயம்ப்னு ஒரு கப்பல், மெக்சிகோ வளைகுடாவுல இன்ஜின் ரூம்ல தீப்பிடிச்சு 4,200 பேருக்கு மேல உள்ள இருக்க அப்படியே மெதந்துக்கிட்டு நின்னுச்சு. கக்கூஸ் வேலை செய்யல. நாலு நாள் கழிச்சு அலபாமாவுல மோபில்ங்கற ஊருக்கு இழுத்துக்கிட்டு வந்தாங்க, டிவிக்காரன் மேல ஹெலிகாப்டர் விட்டு லைவ் போட்டான். நாறிப்போன பயணம்தான், மறுக்கல. ஆனா ஒருத்தரும் சாகல. இத்தன வருஷம் கழிச்சும் புது கப்பல் செய்தி எது வந்தாலும் பழைய கக்கூஸ் கதைய பக்கத்துல ஒட்டுறாங்க. நாற்காலி எல்லாம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சறுக்கிக்கிட்டு போற வீடியோ ஒண்ணு உங்களுக்கும் வந்திருக்குமே? எனக்கு நாலு குரூப்புல வந்துச்சு, நாலு கப்பல் பேரோட.

கோவிட் நேரத்துல பயந்தது மட்டும் வேற. ஜப்பான்ல யோக்கோஹாமாவுல டயமண்ட் பிரின்சஸ் நின்னுச்சே, 3,711 பேருல 700க்கு மேல தொத்திடுச்சு, செத்தும் போனாங்க. அந்தப் பயத்துல தப்பே இல்ல. ஆனா அதே 2020 மார்ச்சுல கோஸ்டா ஃபார்சுனான்னு ஒரு கப்பல் கிட்டத்தட்ட 2,000 பயணிகளோட வந்துச்சு, புக்கெட்ல விடல, நம்ம பினாங்குலயும் விடல, கடைசியா சிங்கப்பூருலதான் எறக்கி விட்டாங்க. அந்த வாரம் எங்க காப்பிக்கடையில "கொரோனா கப்பல் வருது, கொரோனா கப்பல் வருது"ன்னு ஒரே பேச்சு, நானும்தான் பேசுனேன். கப்பல்ல ஒருத்தருக்கும் நோய் இருந்ததா தகவல் இல்லங்கறத அப்ப யாரு காதுல வாங்குனா.

எங்க தாத்தா 1930கள்ல ரஜூலா கப்பல்ல நாகப்பட்டணத்துலேர்ந்து வந்தவரு. டெக்கு பயணி, மேல் தட்டுல பாய விரிச்சு ஆயிரக்கணக்குல படுத்துக்கிட்டு வந்த கூட்டத்துல ஒருத்தரு. இங்க வந்ததும் நேரா ஊருக்குள்ள விடல, பூலாவ் ஜெரெஜாக்ல கொண்டு போயி அடைச்சு வெச்சு, நோய் இருக்கான்னு பாத்துட்டுதான் அனுப்பியிருக்காங்க. பினாங்குப் பாலத்துல போறப்ப தெக்கால தெரியுதே, அந்தத் தீவுதான். கப்பல்னா நோயிங்கற பயம் நம்ம வீட்டுல மூணு தலைமொறையா இருக்கு, மகன் புதுசா ஒண்ணும் கண்டுபிடிச்சுடல.

மகன்கிட்ட ஒண்ணு கேளுங்கம்மா, தீபாவளிக்கு தீபாவளி கேஎல்லேர்ந்து கூலிமுக்கு ஹைவேல ஓட்டிக்கிட்டுத்தானே வாராரு? 2019ல மட்டும் நம்ம மலேசியா ரோட்டுல 6,167 பேரு செத்தாங்க. அந்த வீடியோவ நீங்க தெனம் அனுப்புறீங்களா அவருக்கு? டிக்கெட்ட கேன்சல் பண்ணாதீங்க. இன்ஷூரன்ஸ் மட்டும் எடுங்க, வீட்டுக்காரருக்கு பிரஷர் சுகர் மாத்திரை இருந்தா பெரிய பொட்டியில போடாம கைப்பையில வெச்சுக்குங்க, ஏன்னா பெரிய பொட்டி ரூமுக்கு வர சாயங்காலம் ஆயிடும்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. கப்பல் கவுந்தா? (ஒரு வாசகர், பட்டவொர்த்)

பதில்: நடுக்கடல்ல நீச்சல் தெரிஞ்சவன் மட்டும் எங்க போயி கரையேறுவான் அண்ணாச்சி?

கப்பல் முழுகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம பக்கத்துலயே முழுகியிருக்கு. 1999 மே 20, சன் விஸ்டான்னு ஒரு கப்பல், புக்கெட்லேர்ந்து சிங்கப்பூர் போற வழியில இன்ஜின் ரூம்ல தீ. பினாங்குக்கு அந்தாண்ட கடல்லதான். மறுநாள் விடியறதுக்குள்ள கப்பலே இல்ல, முழுசா அடியில போயிடுச்சு. ஆனா உள்ள இருந்த 1,104 பேரும் படகுல எறங்கி தப்பிச்சுட்டாங்க. எல்லாரும்! இத யாராவது ஃபார்வர்ட் பண்ணி பாத்திருக்கீங்களா? ஒருத்தரும் சாகலைன்னா அந்தக் கதை ஓடாது போல.

ஓடுன கதை 2012 ஜனவரி 13ல இத்தாலி ஜிக்லியோ தீவு பக்கத்துல பாறையில மோதி சாஞ்ச கோஸ்டா கான்கார்டியா. 32 பேரு செத்தாங்க, பயணிங்க உள்ள இருக்கறப்பவே கேப்டன் எறங்கிட்டாரு, 16 வருஷம் ஜெயில் போட்டாங்க. அதுல பெரிய ஓட்டை என்னான்னா, அன்னிக்கு புதுசா ஏறுன நூத்துக்கணக்கான பேருக்கு படகு எந்தப் பக்கம்னே சொல்லிக் குடுக்கல. அதுக்கப்புறம் சட்டத்த மாத்திட்டாங்க, 2015லேர்ந்து கப்பல் கெளம்புறதுக்கு முன்னாடி, இல்ல கெளம்புன ஒடனே, எல்லாருக்கும் அந்தப் பயிற்சிய முடிச்சாகணும். எல்லாரும் அந்த நேரத்துல குளத்துப் பக்கம் செல்ஃபி எடுத்துக்கிட்டு இருப்பாங்க, நீங்க மட்டும் ஒழுங்கா போயி நில்லுங்க. ஏழு சின்ன ஊதல், அப்புறம் ஒரு நீட்டு ஊதல், அதுதான் சிக்னல். ரூமுலேர்ந்து உங்க எடத்துக்கு லிஃப்ட்ல போகாம மாடிப்படியில ஒரு தடவ நடந்து பாத்துடுங்க. நான் போனப்ப ஒரு சீனத்து ஆயா அஞ்சு மாடியும் எண்ணி எண்ணி எறங்குனாங்க, பேரப்புள்ள சிரிச்சான், அவங்க கண்டுக்கல.

இன்னொண்ணு, 32ன்னதும் எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. 1988 ஜூலை 31, உங்க ஊரு ஃபெர்ரி ஜெட்டி இடிஞ்சு விழுந்ததே, அன்னிக்கும் 32 பேருதான். 1,600 பேருக்கு மேல அடி. கப்பல்ல கூட ஏறல, ஏறுறதுக்கு நின்னுக்கிட்டு இருந்தவங்க. அதுக்கப்புறம் நீங்க ஃபெர்ரி ஏறாமலா இருந்தீங்க?

கேள்வி: நீங்க கப்பல் கம்பெனிகிட்ட காசு வாங்கிக்கிட்டு எழுதுறீங்களோன்னு தோணுது. மீடியா எச்சரிக்கை குடுக்கறது தப்பா சார்? (ஒரு மாணவர், பெட்டாலிங் ஜெயா)

பதில்: காசு எனக்கு வரல தம்பி, போச்சு.

மூணு வருஷம் முன்னாடி நானும் வீட்டுக்காரியும் போனோம், கப்பல் பேரு வேணாம். ரெண்டாவது ராத்திரி அவங்களுக்கு தலைசுத்தல், கீழ கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போனேன். ஒரு ஊசி, ஆறு மாத்திரை. பில்ல நீட்டுனாங்க, அமெரிக்க டாலர்ல. மனசுக்குள்ள மலேசிய வெள்ளிக்கு மாத்திப் பாத்தேன், எங்க தாமான் கிளினிக்கா இருந்தா அந்தக் காசுக்கு குடும்பமே ஒரு வருஷம் வைத்தியம் பாத்திருக்கும். எனக்கும் ஒரு ஊசி போட வேண்டியதாயிடும்போல ஆயிடுச்சு. அது பத்தாதுன்னு கைப்போன ஏரோபிளேன் மோடுல போட மறந்துட்டேன், கப்பலோட லைன புடிச்சுக்கிட்டு ரோமிங் ஏறிக்கிட்டே இருந்துச்சு, எறங்குன அடுத்த மாசம்தான் தெரிஞ்சுது. கடைசி நாள் சர்வீஸ் சார்ஜு வேற, ஆளுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவுன்னு. டிக்கெட் வெலைய பெருசா போடுற விளம்பரத்துல இதெல்லாம் எறும்பு எழுத்துல இருக்கும். மீடியா இத எழுதலாமே, யாரு வேணாம்னா?

அதவிட எழுத வேண்டியது ஒண்ணு இருக்கு. எங்க ரூம சுத்தம் பண்ணுன பையன் மதுரைப்பக்கம். தமிழ்ல பேசுனதும் மொகம் அப்படி மலர்ந்துச்சு. ஒம்போது மாச கான்ட்ராக்டாம், ஒரு நாள் கூட முழு லீவு கெடையாதாம், பொண்ணு பொறந்தத போன்லதான் பாத்திருக்கான். கடல் தொழிலாளிங்களுக்குன்னு 2006ல போட்ட சர்வதேச ஒப்பந்தமே 24 மணி நேரத்துல 14 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்க எடம் குடுக்குதுன்னா பாத்துக்குங்க. துண்ட மடிச்சு யானை செஞ்சு கட்டில்ல வெச்சுட்டுப் போவான், எம்பொண்டாட்டி அத பிரிக்கவே விடல, மூணு நாளும் ஈரத் துண்டுலயே தொடைச்சுக்கிட்டோம். இந்த மாதிரி பசங்களப் பத்தி "மிதக்கும் நரகம்"னு தலைப்பு வெச்சா நான் கைதட்டுவேன். அதுக்கு வியூஸ் வராதுல்ல. பயணி வாந்தி எடுத்தாதான் வரும். எச்சரிக்கை தப்பில்ல தம்பி, யாருக்கு எத எச்சரிக்கணும்ங்கறதுலதான் சண்ட.

கேள்வி: சுத்த சைவம் கெடைக்குமா? (ஒரு வாசகி, செந்தூல்)

பதில்: புக் பண்றப்பவே சொல்லிடுங்க, நம்ம வட்டாரத்துல ஓடுற கப்பல்ல இந்தியப் பயணிங்க நெறைய, பெரும்பாலும் ஏற்பாடு பண்ணுவாங்க. மொளகாப்பொடி ஒரு சீசா எடுத்துக்கிட்டா நல்லது, சாம்பாருன்னு பேரு வெச்சு ஒண்ணு ஊத்துவாங்க.

கேள்வி: தலைசுத்தல் வராம இருக்க? (ஒரு வாசகர், ஈப்போ)

பதில்: கீழ் தளத்துல, கப்பலோட நடுவுல ரூம் கேளுங்க, ஆட்டம் அங்கதான் கம்மி. மேல் மாடி பால்கனி ரூம்தான் வெல ஜாஸ்தி, ஆட்டமும் அங்கதான் ஜாஸ்தி. வெறும் வயித்தோட இருக்காதீங்க.

கேள்வி: கிள்ளான் துறைமுகத்துல ஏறுறோம், பினாங்குல அரை நாள் நிக்குமாம். தண்ணிமலை முருகன பாத்துட்டு திரும்ப நேரம் இருக்குமா? மாமியாரும் கூட வராங்க. (ஒரு வாசகி, கேஎல்)

பதில்: கப்பல் வந்து நிக்கறது ஸ்வெட்டன்ஹாம் பியர்ல, ஊருக்கு நடுவுல. கிராப் டாக்ஸி புடிச்சா சாதாரண நேரத்துல அரை மணிக்குள்ள தண்ணிமலை அடிவாரம். ஆனா மேல 500 படிக்கு மேல இருக்கு, மாமியாருக்கு முட்டி எப்படி? ஏற முடியாதுன்னா கீழயே கும்பிட்டுட்டு வந்துடுங்க. இல்லைன்னா மலையே வேணாம், பியர்லேர்ந்து நடந்தே லிட்டில் இந்தியா வந்துடலாம், குயின் ஸ்ட்ரீட்ல 1833ல கட்டுன மாரியம்மன் கோயில், சாமி கும்பிட்டு பக்கத்துலயே வாழெல சாப்பாடு. எப்படி இருந்தாலும் "எல்லாரும் ஏறிடணும்"னு கப்பல்ல சொல்ற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே பியர் வாசல்ல இருங்க. தனியா சுத்தப் போனவங்களுக்காக கப்பல் நிக்காது. நான் பாத்திருக்கேன், ரெண்டு கையிலயும் பிஸ்கட்டு டின்னோட ஒரு தம்பதி ஓடி வந்தாங்க, கயிற அவுத்து முடிச்சிருந்தாங்க.